ரைட்டர் மேசையிலேயே முடியும் வழக்குகள்

ஆலந்தலையில் ஒரு தோழர் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் 'சட்டமும் நீதியும்' தொடரின் முதல் பருவத்தை முழுதாகப் பார்த்து முடித்தோம். 2025 ஜூலை 18 அன்று ஜீ5 தளத்தில் வெளியான தொடர் அது. மொத்தம் ஏழு அத்தியாயங்கள், எல்லாமே சின்னச் சின்னவை. ஒரு மடிக்கணினியைச் சுற்றிப் பதினொரு பேர் இருந்தோம். பாதிப் பேர் திருச்செந்தூர் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கிறவர்கள். கடைசி அத்தியாயம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, இப்படி ஒரு வக்கீல் நமக்குக் கிடைச்சா எப்படி இருக்கும்?"

அந்தக் கேள்வியோடுதான் எங்களுக்குச் சண்டை. தம்பியோடு அல்ல. அந்தக் கேள்வியை அவர் வாயில் வைத்த கதையோடு.

தொடரை மட்டம் தட்டுவது எங்கள் நோக்கமில்லை. சரவணன் நடித்த சுந்தரமூர்த்தி, நீதிமன்றத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற வழக்கறிஞர். உள்ளே போய் வாதாடாதவர், வீட்டிலும் மதிப்பில்லாதவர். அப்படிப்பட்டவரை நாயகனாக்கிய இயக்குநர் பாலாஜி செல்வராஜைப் பாராட்டத்தான் வேண்டும். மகளைக் கடத்திவிட்டார்கள், காவல்துறை புகாரை வாங்கவில்லை என்று அலைந்த குப்புசாமி நீதிமன்ற வளாகத்திலேயே தன்மேல் தீ வைத்துக்கொள்கிறார். அந்தத் தீயைப் பார்த்த பிறகுதான் சுந்தரமூர்த்தி வழக்கை எடுக்கிறார். முடிவைச் சொல்லப் போவதில்லை, பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கேள்வி எளிமையானது. கதை நகர்வதற்கு ஏன் குப்புசாமி எரிய வேண்டியிருந்தது?

அமெரிக்காவில் 1990 இல் 'லா அண்ட் ஆர்டர்' என்றொரு தொடர் தொடங்கியது. முன்பாதியில் போலீஸ் துப்புத் துலக்கும், பின்பாதியில் அரசு வழக்கறிஞர்கள் வாதாடுவார்கள். உலகமெங்கும் போலீஸ் - நீதிமன்றத் தொடர்கள் பலவும் அந்த அச்சிலிருந்து வந்தவைதான். அந்த அச்சில் சொல்லாமல் விட்ட ஒரு நம்பிக்கை இருக்கிறது: நீ போய்ச் சொன்னால் போலீஸ் எழுதிக்கொள்ளும். நம் தெருக்களில் அந்த முன்பாதியே நடப்பதில்லை. வழக்கு ஸ்டேஷன் ரைட்டர் மேசையிலேயே முடிந்துவிடுகிறது. 'சட்டமும் நீதியும்' இதைத் தொட்டது, அதற்காகவே அது முக்கியமான தொடர். ஆனால் தொட்டுவிட்டு உடனே நீதிமன்றத்துக்கு ஓடிவிட்டது. அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் யார், குப்புசாமி எந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்று நின்று கேட்க அதற்கு நேரமில்லை.

அந்தத் தீ கற்பனையும் அல்ல. 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை, மனு வாங்கும் நாள். நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில் காசிதர்மத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளி ஒருவர் மனைவியோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் எரிந்து போனார். கந்துவட்டிக் கொடுமை என்று பலமுறை மனு கொடுத்தும் எதுவும் நடக்கவில்லை. அதைக் கேலிச்சித்திரமாக வரைந்த பாலா நவம்பர் 5 அன்று கைது செய்யப்பட்டார். அதற்குப் பிறகு கலெக்டர் அலுவலகங்களில் என்ன மாறியது? வாசலில் போலீஸ் நின்று பையைத் திறந்து மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கிறது. மனுவைத் திறந்து பார்ப்பதற்குத்தான் இன்னும் ஆள் போடவில்லை.

ஆலந்தலையிலிருந்து பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத் தொலைவில் சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அங்கே காவல் நிலையத்துக்குக் கொண்டு போகப்பட்டார்கள். 22 ஆம் தேதி இரவு மகன் இறந்தார், 23 ஆம் தேதி அதிகாலை அப்பா. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவரையே நிலையத்துக்குள் மரியாதையில்லாமல் பேசினார்கள். கேமராப் பதிவுகள் அன்றன்றைக்கு அழியும்படி வைக்கப்பட்டிருந்ததாக அவர் அறிக்கை கொடுத்தார். கடைசியில் அந்த நிலையத்தையே வருவாய்த்துறைக் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது நீதிமன்றம். உள்ளே நடந்ததைச் சாட்சியாகச் சொன்னவர் அதே நிலையத்தில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். எந்தத் தொடரின் நாயகியையும்விடத் துணிச்சல்காரி அவர். சி.பி.ஐ. 2020 செப்டம்பரில் ஒன்பது போலீசார்மேல் குற்றப்பத்திரிகை போட்டது. விசாரணை மதுரையில் ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

ஜெயராஜும் பென்னிக்ஸும் நம் தெருக்காரர்கள் அல்ல, கடை வைத்திருந்தவர்கள். அவர்களுக்காக வணிகர்கள் கடையடைத்தார்கள், நாடே பேசியது. அது நியாயமான கோபம், நாங்களும் அதில் நின்றோம். ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள் தோழர்களே, நமக்காக எந்தக் கடை அடைக்கும்? 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கியது ரவுடிக் கும்பல் அல்ல, போலீஸ் படை. அந்த ஊர்க்காரர் புகார் எழுதிக்கொண்டு எந்த ஸ்டேஷன் மேசைக்குப் போயிருக்க வேண்டும்?

சாத்தான்குளத்துக்குப் பிறகு இயக்குநர் ஹரி, போலீசைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். நம் மாவட்டத்துக்காரர். துரைசிங்கத்தை நல்லூரிலிருந்து கிளப்பி அனுப்பியவர். அந்த அறிக்கையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அடிக்கிற போலீஸ் நாயகனை இறக்கிவிட்டு அந்த நாற்காலியில் வாதாடுகிற வக்கீல் நாயகனை ஏற்றினால் போதுமா? 'ஜெய்பீம்' வந்தபோதும் ஊரெல்லாம் சந்துருவைப் பற்றிப் பேசியது. அவர் பேசப்பட வேண்டியவர்தான். ஆனால் 1993 இல் அந்த உண்மை வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனதற்குக் காரணம், விலை பேச வந்தவர்களிடம் மடங்காத ஒரு பெண்ணும், அவரோடு ஊரில் நின்ற இடதுசாரித் தோழர்களும். வக்கீல் அதற்கப்புறம்தான் வருகிறார்.

நம்மில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஊரும் நிலையமும் வேண்டாம். சாதி சொல்லித் திட்டி, வண்டியிலிருந்து இறக்கி அடித்தார்கள். புகார் கொடுக்கப் போனவரை மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்தார்கள். அவர் அதைத்தான் எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். பி.காம். படித்தவர்! மறுநாள் சமாதானம் பேச ஆள் வந்தது. மூன்றாம் நாள் அவர்மேலேயே எதிர் வழக்கு. எதிர் வழக்குக்கு மட்டும் எஃப்.ஐ.ஆர். அன்றைக்கே போட்டார்கள்.

இந்த இடத்தில் தொடர் சொல்லித் தராததை நாம் படிக்க வேண்டியிருக்கிறது. கைது செய்யத்தக்க குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரிலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) இதில் ஓர் ஓட்டை போட்டிருக்கிறது. மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாமாம். அந்தப் பதினாலு நாளில் சாட்சி என்ன ஆவார், காயம் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். வன்கொடுமை வழக்கிலும் அதைச் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். ஏமாறாதீர்கள். 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஏ பிரிவு, எஃப்.ஐ.ஆர். போட முதற்கட்ட விசாரணை தேவையில்லை என்கிறது. அந்தப் பிரிவு சும்மா வரவில்லை. 2018 மார்ச் 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சட்டத்தை நீர்த்துப் போகச் செய்தபோது, ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தெருவுக்கு வந்த நம் மக்கள் வாங்கித் தந்தது. வட மாநிலங்களில் உயிரையும் கொடுத்தார்கள். அந்த நாளை வைத்து ஒரு தொடர் எடுக்கட்டும், நாங்கள் ஏழு அல்ல, எழுபது அத்தியாயம் பார்க்கிறோம்.

வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதிக்கொண்டு, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கி, நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டியது நிலைய அதிகாரியின் கடமை. மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், பிறகு நீதிமன்றம். கடமையை வேண்டுமென்றே செய்யாத, பட்டியல் சாதி பழங்குடி அல்லாத அரசு ஊழியருக்கு 4 ஆம் பிரிவு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. ஆனால் அதற்குத் துறை விசாரணை பரிந்துரைக்க வேண்டுமாம். போலீஸ்மேல் போலீஸ் பரிந்துரை! சட்டத்துக்குள்ளேயே ஒரு ரைட்டர் மேசையைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இதை எதிர்த்து வாதாட நமக்கு நல்ல வக்கீல்கள் வேண்டும்தான், இல்லையென்று சொல்லவில்லை. சட்டம் படிக்கப் போகிற தங்கைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த வக்கீல் கையில் கொடுக்க ஒரு தேதியிட்ட நகலும் தபால் ரசீதும் இருக்க வேண்டுமே. அவை இல்லாத குப்புசாமிக்கு எந்தச் சுந்தரமூர்த்தி வந்தும் தொடக்கமே கஷ்டம்.

அந்தத் தம்பிக்கு அன்றைக்கு மாடியில் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. கடைசிப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. அடுத்த ஞாயிறும் ஆலந்தலையில்தான் கூடுகிறோம். தொடர் எதுவும் பார்க்கப் போவதில்லை. சி.எஸ்.ஆர். ரசீது வைத்திருக்கிற தோழரும் வருகிறார், எஸ்.பி.க்கான மனுவை அவரோடு உட்கார்ந்து எழுதப் போகிறோம். வருகிறவர்கள் ஆளுக்குப் பத்து வெள்ளைத்தாளும் ஒரு பேனாவும் கொண்டு வாருங்கள்.