விரல்களும் தமிழ் கற்கட்டும்!

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் விசைப்பலகையைப் பாராமல் தட்டச்சக் கற்கவேண்டுமா? வேண்டா என்பர் சிலர். “நிரலுக்கு வேண்டுவது அறிவு, விரல்விரைவு அன்று. நாளெல்லாம் எண்ணி நாலு வரி எழுதுவோர்க்குத் தட்டச்சுப் பயிற்சி எதற்கு?” என்பது அவர்தம் கூற்று. அதில் பாதி உண்மையே. ஆயின் எண்ணம் ஓடும்போது கண் விசையைத் தேடினால் எண்ணம் அறுபடுமன்றோ? சிவகாசி அச்சகங்களில் ஈய எழுத்துக் கோத்தவர்களை நினைத்துப் பாருங்கள். கண் கையெழுத்துப் படியின்மேல் இருக்கும். கை தானே எழுத்துப்பெட்டியின் உரிய அறைக்குச் செல்லும். கைப்பழக்கம் அறிவுக்குப் பகையன்று, துணை.

ஆகவே கற்கத்தான் வேண்டும். எம்மொழியில் என்பதே நம் வினா. நிரல்மொழிகளின் கட்டளைச் சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலமே. அதற்குரிய பலகையைக் கற்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் தமிழ் எழுதும்போதும் ஆங்கில எழுத்துகளையே தட்டித் தமிழைப் பெறுகின்றனரே, அதுதான் கேடு! தாய்மொழிச் சொல்லை முதலில் ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பின்னரே தமிழாகக் காண்கின்றனர். ணகர னகர வேறுபாடும், லகர ளகர ழகர வேறுபாடும் அவர்க்கு ஒலி வேறுபாடாக இல்லை. ஆங்கில எழுத்துச் சிக்கலாகிவிட்டன. ‘மணம்’ எங்கே, ‘மனம்’ எங்கே எனத் தடுமாறும் மாணவரை வகுப்பறையில் நாளும் காண்கிறேன்.

இதற்கு மருந்து நம்மிடமே உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டரசு ஏற்ற ‘தமிழ்99’ விசைப்பலகையே அது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கும். உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. அ, இ, உ, எ நடுவரிசையில் இருக்க, அவற்றின் நெடில்கள் நேர்மேலே நிற்கும். ‘வணக்கம்’ எழுத ஆறு தட்டு போதும். ஆங்கில வழியில் எட்டு, ணகரத்துக்கு மாற்றுவிசை வேறு! நம் இலக்கணமே இப்பலகையின் அமைப்பு.

இது விரைவைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. தமிழில் தட்டச்சத் தயங்கும் நிரலர், தாம் ஆக்கும் மென்பொருளிலும் தமிழை விட்டுவிடுவார். வெடியாலைத் தொழிலாளியின் கூலிக்கணக்கும், வெடிமருந்தைக் கையாளும் எச்சரிக்கையும் ஆங்கிலத்திலேயே திரையில் நின்றால் என்னாகும்? உழைப்பவர் இழப்பது கூலியாகவும் இருக்கலாம், உயிராகவும் இருக்கலாம்.

தீப்பெட்டித் தொழில் கற்க 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியிலிருந்து கல்கத்தா வரை சென்றனர். அம்மண்ணின் பிள்ளைகள், இருந்த இடத்திலேயே கற்கக்கூடிய 31 விசைகளுக்குச் சோம்புவதா? விருதுநகர் மாவட்டப் பொறியியற் கல்லூரிகள் முதலாண்டிலேயே தமிழ்99 பயிற்றுக! இளைஞர்களே, நாளும் அரைமணி ஒதுக்குங்கள். நாவில் உள்ள தமிழ் விரலிலும் ஏறட்டும்!