மோட்டார் சைக்கிளுக்கு எந்த ஒயில்?

மோட்டார் சைக்கிள் இல்லாத கடை இன்று நம்மவரிடையே குறைவு. சரக்குக் கொண்டுபோகவும், நிலுவை அறவிடவும், பேங்குக்கு ஓடவும் அதுதான். ஆனால் அதற்கு என்ன ஒயில் ஊற்றுகிறீர்கள் என்று கேட்டால், "பாஸுக்குத் தெரியும்" என்பார்கள். பாஸிடம் கேட்டால் கடையில் தந்ததை ஊற்றினேன் என்பார். கடைக்காரரோ லாபம் கூடியதைத் தந்திருப்பார்.

நானும் இதில் அடிபட்டவன்தான். காருக்கு வாங்கிய நாலு லீற்றர் கேனில் மிஞ்சியதை, வீணாக்குவானேன் என்று கடைப் பையனின் மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றச் சொன்னேன். கொஞ்ச நாளில், "முதலாளி, முறுக்கினால் சத்தம்தான் கூடுது, ஏற்றத்தில் இழுக்குதில்லை" என்று வந்து நின்றான். கழற்றிப் பார்த்தால் கிளட்ச் பிளேட் கருகிக் கிடந்தது. நான் மிச்சம் பிடித்தது ஒரு லீற்றர் ஒயில். போனது பிளேட் செட், பாஸின் கூலி, இரண்டு நாள் டெலிவரி.

காரணம் பிறகுதான் விளங்கியது. கியர் கார்களில் பெரும்பாலும் கிளட்ச் ஒயிலில் படாமல் தனியாக இருக்கிறது. கியர் மோட்டார் சைக்கிளில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஒயிலில்தான் ஓடுகின்றன. பெற்றோலை மிச்சப்படுத்துவதற்காகச் சில கார் ஒயில்களில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்க்கிறார்கள். காருக்கு அது நல்லது. உராய்வைக் கொண்டே பிடிக்கும் கிளட்சுக்கு அதுவே எமன். இதற்காகவே ஜப்பான்காரர்கள் 1998இல் ஜாசோ என்ற தனித் தரத்தைக் கொண்டுவந்தார்கள். டின்னின் பின்பக்கம் எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்றிருந்தால் கியர் வண்டிக்கு. எம்.பி. என்றிருந்தால் கிளட்ச் ஒயிலில் ஓடாத ஸ்கூட்டருக்கு. ஏ.பீ.ஐ. என்று போட்டு எஸ்.ஜே., எஸ்.எல்., எஸ்.என். என்றெல்லாம் இருக்கும். பின்னெழுத்து முன்னேற முன்னேறத் தரம் புதியது. ஆனாலும் எழுத்து எவ்வளவு புதிதாக இருந்தாலும், எம்.ஏ. இல்லாவிட்டால் கியர் வண்டிக்கு நான் வாங்கமாட்டேன்.

அடுத்தது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-50 என்ற இலக்கங்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிப்பது. முதல் இலக்கம் குளிரில் ஒயில் எப்படி ஓடும் என்பதற்கு, இரண்டாவது 100 பாகை சூட்டில் அதன் தடிப்புக்கு. நம் நாட்டுச் சூட்டுக்குத் தடித்த ஒயில்தான் நல்லது என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 10டபிள்யூ-30 கேட்கும் என்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால், காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் ஒயில் மேலே ஏறத் தாமதமாகும், பெற்றோலும் கூடக் குடிக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. விலை கூடிய முழு சிந்தெட்டிக்கும் 100 சி.சி. வண்டிக்கு அவசியமில்லை. அந்தக் காசுக்குச் சாதாரண எம்.ஏ. ஒயிலை நேரத்துக்கு மாற்றலாம். சின்ன என்ஜினில் இருப்பதே ஏறக்குறைய ஒரு லீற்றர். அதில் கால் லீற்றர் குறைந்தாலும் பெரிய குறைவு. ஒயில் கறுத்துவிட்டதே என்று சிலர் பயப்படுகிறார்கள். அழுக்கை அது தன்னில் எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். கிலோமீற்றரைப் பார்த்து மாற்றுங்கள்.

ஒயில் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. டின்னை நீட்டுமுன் என்ன வண்டி, கியரா ஸ்கூட்டரா என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன குறைந்துவிடும்? சும்மா நீட்டிவிட்டு, கிளட்ச் போனபின் "பாஸ் சரியில்லை" என்று சொல்வது வியாபாரமல்ல. பழைய ஒயிலை வடித்து நல்ல கம்பனி டின்னில் அடைத்து விற்பவர்களுக்கும் நம் கராஜ்களில் எறியும் வெற்று டின்கள்தான் மூலதனம். வாங்கும்போது மூடியின் சீலையும் தொகுதி இலக்கத்தையும் பாருங்கள், பில் கேளுங்கள். ஊற்றி முடிந்ததும் ஆணியால் டின்னில் இரண்டு ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். எங்கள் கடைப் பையன் இப்போது அதைச் சொல்லாமலே செய்கிறான்.