அடிபட்டவரைத் தொட்டால் வம்பா?

ரோட்டில் கார் மோதி ஒருவர் விழுந்து கிடக்கிறார். நிமிஷத்தில் கூட்டம் கூடி விடுகிறது. பாதிப் பேர் டிரைவரின் சட்டையைப் பிடிக்கிறார்கள். மீதிப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். "தொட்டால் போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டும். நமக்கு ஏன் வம்பு?" என்று நழுவுகிறவர்களும் உண்டு.

கீழே கிடப்பவருக்கோ ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது!

இந்தப் பயத்தில் ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இப்போது இல்லை. உதவி செய்பவரைத் துன்புறுத்தக் கூடாது என்ற விதிமுறைகளை 2016-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு உறுதி செய்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்து விட்டார்கள். அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாட்சி சொல்வதும் அவர் இஷ்டம். அவரிடம் பணம் கட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் நிறுத்தி வைக்கவும் முடியாது.

"முதலில் போலீஸ் வரட்டும்" என்று டாக்டர் சொல்லலாமா? கூடாது. உயிரைக் காப்பதுதான் முதல் வேலை என்று 1989-லேயே தீர்ப்பு வந்து விட்டது.

செலவுக்கு என்ன செய்வது? தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கியது. இதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தனியார் ஆஸ்பத்திரிகளும் இதில் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி.

ஆனால், உதவி என்ற பெயரில் செய்யும் உபத்திரவம் இருக்கிறதே! மயங்கிக் கிடப்பவர் வாயில் சோடாவை ஊற்றுகிறார்கள். அது மூச்சுக் குழாய்க்குள் போனால் உயிருக்கே ஆபத்து. கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவுக்குள் மடக்கிப் போடுகிறார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் என்ன ஆவது? தீயோ, வண்டி மோதும் ஆபத்தோ இல்லையென்றால் அவரை அசைக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும்.

டிரைவரை அடிப்பதில் யாருக்கு லாபம்? காயம்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்வது டிரைவரின் சட்டப்படியான கடமை. அங்கே போலீஸ் இல்லை என்றால், 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். கூட்டத்தின் கோபத்தால் முடியாமல் போனால் அந்த முதல் கடமைக்கு விலக்கு உண்டு. அடிக்கப் பாய்கிறவர்கள் அவர் ஓடுவதற்குச் சட்டத்திலேயே வழி செய்து கொடுக்கிறார்கள்!

அதைவிட வண்டி நம்பரைக் குறித்துக் கொள்ளலாம். நஷ்டஈட்டுக்கு அது உதவும். இடித்த வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல் அப்படிப்பட்ட விபத்துகளில், உயிர் போனால் ரூ.2 லட்சமும் பலத்த காயத்துக்கு ரூ.50 ஆயிரமும் சர்க்கார் திட்டத்தில் கேட்கலாம்.