சிவப்பா இருந்தா ரத்தம் ஊறுமா?

வெளுத்துப்போன பொண்ணைப் பார்த்தா எங்க கெங்கவல்லிப் பக்கம் சொல்ற முதல் வைத்தியம், "மாதுளை குடு, பீட்ரூட் குடு, ரத்தம் ஊறும்". ரத்தம் சிவப்பு, அதனால சிவப்பா இருக்கிறதைச் சாப்பிடணும்ங்கிற கணக்கு. இதே கணக்குக்கு இப்போ "ஃப்ளேவனாய்டு"ன்னு பேர் வச்சு மாத்திரையாவும் விக்கிறாங்க.

ஃப்ளேவனாய்டுங்கிறது செடிகொடிகள்ல இருக்கிற ஒரு பெரிய வேதிப்பொருள் குடும்பம். வெங்காயத்துல க்வெர்சிடின், டீயில கேட்டசின், மாதுளையில ஆந்தோசயனின். பீட்ரூட்டோட சிவப்பு இந்தக் குடும்பமே இல்லை :)

ரத்த ஓட்டத்துக்கு இதுங்க உதவுது என்பதில் உண்மை இருக்கு. ரத்தக்குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு சுரந்தா குழாய் தளர்ந்து விரியும். கோகோவில் இருக்கிற ஃப்ளேவனால்கள் அதுக்குத் துணை செய்யுது. 1993-ல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், டீ, வெங்காயம், ஆப்பிள் வழியா ஃப்ளேவனாய்டு அதிகம் எடுத்த வயசான ஆண்கள் இதய நோயால் இறந்தது குறைவு. ஆனா 2022-ல், 21,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட அமெரிக்க ஆய்வில், தினம் 500 மில்லிகிராம் கோகோ ஃப்ளேவனால் கொடுத்தும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றின் மொத்த எண்ணிக்கை தெளிவா குறையலை. இதய, ரத்தக்குழாய் நோயால் வர்ற இறப்பு மட்டும் குறைஞ்சது. ஆக, நல்லது செய்யலாம், மந்திரம் இல்லை.

சிவப்பணு கதை வேற. சோதனைக் குழாயில க்வெர்சிடின் அணுவோட சவ்வைக் காப்பாத்தும். நாம சாப்பிட்டா, குடலும் கல்லீரலும் அதை மாத்திடும். ரத்தத்துல சேர்றது ரொம்பக் கொஞ்சம். ஒரு சிவப்பணு வாழ்றது சுமார் 120 நாள். புதுசு உருவாக இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12, புரதம் வேணும். அந்த இடத்தை ஃப்ளேவனாய்டு நிரப்பாது.

சொல்லப்போனா சில சமயம் கெடுக்கவும் செய்யும். டீயில இருக்கிற பாலிஃபீனால்கள், சாப்பாட்டுல உள்ள இரும்பைப் பிடிச்சு வச்சு உடம்புல சேரவிடாம தடுக்கும். மரவள்ளிக் காட்டுல களையெடுக்கிற பெண்கள் சோத்தைச் சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறதை யாரும் தப்புன்னு நினைக்கிறதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுல 15-49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல!

என் கருத்து இதுதான். காப்சூல் வாங்குற காசுக்கு முட்டையோ பயறோ வாங்குங்க. டீயை சாப்பாட்டுக்கு ஒரு மணிநேரம் தள்ளி வைங்க. கீரையில கொஞ்சம் எலுமிச்சை பிழிஞ்சுக்குங்க, இரும்பு நல்லா சேரும். சின்ன வெங்காயம் உரிக்கும்போது காய்ஞ்ச தோலோட நிறுத்துங்க. க்வெர்சிடின் வெளி அடுக்குலதான் அதிகம். முக்கியமா, அரசு ஆஸ்பத்திரியில ஹீமோகுளோபின் பார்த்துட்டு, சத்து மாத்திரை கொடுத்தா முழுசா சாப்பிடுங்க. மாதுளை? ருசிக்காகச் சாப்பிடுங்க, யார் வேண்டாம்னா!