மேற்கோள்களின் எண்ணிக்கையும் மஞ்சள் மாத்திரையும்



சென்ற ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பு, இஷா தொழுகை முடிந்து மதரஸாவின் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். மாணவர் ஒருவரின் தாயார் வாசலில் காத்திருந்தார். அவருடைய கணவர் துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். பல ஆண்டுகள் புகையிலையை வாயில் அடக்கியிருந்தவருக்கு வாய்ப்புற்றுநோய் கண்டு, கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அந்தச் சகோதரி கைப்பேசியை நீட்டினார்.

மஞ்சளிலிருந்து எடுக்கப்படும் குர்குமின் என்னும் பொருள் புற்றுநோய்க் கட்டிகளைக் கரைக்கிறதாம். அமெரிக்காவின் மிகப்பெரிய புற்றுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய இந்திய விஞ்ஞானி இதைக் கண்டறிந்தாராம். அவருடைய கட்டுரைகளைப் பல்லாயிரம் விஞ்ஞானிகள் மேற்கோள் காட்டியிருக்கிறார்களாம். இதுதான் செய்தி. "திருவொற்றியூரிலிருந்து தினமும் போய்வர அவரால் முடியவில்லை. வாயெல்லாம் புண். இந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, கரண்ட் வைப்பதை நிறுத்திவிடலாமா?" என்று அவர் கேட்டார்.

அந்தச் செய்தியை எங்கள் ஜமாஅத்தின் வாட்ஸ்அப் குழுவில் இட்டவரின் பெயரைப் பார்த்தேன். அது என் பெயர்.

இரண்டு மாதங்களுக்கு முன், நல்ல செய்தி என்று நம்பி நான்தான் அனுப்பியிருந்தேன். பல்லாயிரம் பேர் ஒருவரை மேற்கோள் காட்டினால் அது பொய்யாகவா இருக்கும் என்று எண்ணியதாக நினைவு. ஹதீஸ் பாடம் நடத்துகிறவன் அப்படி எண்ணியது எனக்கே வெட்கமாக இருந்தது. சிகிச்சையை நிறுத்தவேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கவேண்டாம் என்று மட்டும் அவரிடம் சொல்லி அனுப்பிவிட்டு, அதன் பிறகே அந்தச் செய்தியின் வேரைத் தேடிப் படிக்கலானேன்.

அந்த விஞ்ஞானியின் பெயர் பரத் அகர்வால். பஞ்சாபில் பிறந்தவர், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 1980களில் ஜெனன்டெக் நிறுவனத்தில் இருந்தபோது டி.என்.எஃப் என்னும் புரதத்தைப் பிரித்தெடுத்து இனங்கண்டவர்களுள் ஒருவர். மூட்டுவாதத்திற்கு இன்று தரப்படும் சில ஊசிமருந்துகள் அந்தப் புரதத்தைத் தடுத்தே வேலை செய்கின்றன. அந்தப் பணி இன்றும் நிற்கிறது; அதை மறைப்பது நீதியாகாது. 1989இல் ஹூஸ்டனிலுள்ள எம்.டி.ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் சேர்ந்த அவர், பின்னர் மஞ்சளையும் பிற நறுமணப் பொருள்களையும் பற்றிக் கட்டுரைகளை எழுதிக் குவித்தார். மொத்தம் ஐந்நூறுக்கும் மேல். உலகில் அதிகமாக மேற்கோள் காட்டப்படும் விஞ்ஞானிகளின் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார். இதுவரை வாட்ஸ்அப் செய்தி சொன்னது உண்மையே.

அது சொல்லாமல் விட்டது மீதிக் கதை. அவருடைய கட்டுரைகளில் இருந்த ஆய்வுப் படங்களைப் பிற ஆய்வாளர்கள் உற்றுநோக்கினர். வெவ்வேறு சோதனைகளின் முடிவுகளாகக் காட்டப்பட்ட படங்கள் ஒன்றுபோலவே இருந்தன. அவர் பணியாற்றிய மையம் விசாரணை நடத்துவது 2012இல் வெளியே தெரிந்தது. 2015இன் இறுதியில் அவர் ஓய்வு பெற்றார். 2016 பிப்ரவரியில் ஓர் ஆய்விதழ் மட்டுமே அவருடைய ஏழு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. இன்று திரும்பப் பெறப்பட்டவை ஏறத்தாழ 30. திருத்தமும் எச்சரிக்கைக் குறிப்பும் ஏற்றவை தனி. அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது என்று தீர்ப்புச் சொல்ல நான் காழி அல்லேன். ஆனால் அந்தக் கட்டுரைகளை ஆதாரமாகக் கொள்ளலாகாது என்று அவற்றை வெளியிட்டவர்களே அறிவித்துவிட்டார்கள்.

ஒருவருடைய குறையைப் பெயர் சொல்லி எழுதுவது புறம் ஆகாதா என்று சிலர் கேட்கக்கூடும். அறிவிப்பாளர்களின் குறைகளை ஹதீஸ் இமாம்கள் பெயர் சொல்லியே பதிவு செய்தார்கள். மார்க்கத்தையும் மக்களையும் காக்க அது தேவை என்று கண்டார்கள். 'ஜர்ஹ் வ தஃதீல்' என்ற கலையே அதிலிருந்து பிறந்தது. இங்கே ஒரு நோயாளியின் உயிர் இருக்கிறது.

மேற்கோள்களை எண்ணும் வழக்கம் எப்படி வந்தது? அறிவியல் கட்டுரைகள் பெருகிவிட்ட காலத்தில், எந்தக் கட்டுரையை யார் பயன்படுத்தினார் என்று தேடி எடுக்க ஓர் அட்டவணை வேண்டும் என்று யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் எழுதினார். 1960களில் அந்த அட்டவணை வெளிவந்தது. அது நூலகத்தில் தேடுவதற்கான கருவி. பின்னர் அதே எண்களைக் கொண்டு மனிதர்களை அளக்கத் தொடங்கினார்கள். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 'ஹெச்-இன்டெக்ஸ்' என்ற அளவைக் கொண்டுவந்தார். ஒருவருடைய கட்டுரைகளில் 50 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 50 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 50. அகர்வாலின் எண் நூறைத் தாண்டியது. வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத் தரப்படலாயின. கூலி எதற்குக் கிடைக்கிறதோ அதுதான் பெருகும். துறைமுகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் என் மாணவர்களுக்கு நடத்தும் பாடமே எனக்கு விடை தந்தது. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்ற பொருளில் அமைந்த, புகாரியின் முதல் ஹதீஸை எடுத்துக்கொள்ளுங்கள். நபி (ஸல்) அவர்களிடமிருந்து உமர் (ரலி), அவரிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீ, அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத். அதுவரை ஒவ்வொரு படியிலும் ஒரே ஒருவர். யஹ்யாவிடமிருந்து பெருங்கூட்டம் கேட்டு அறிவித்தது. அந்தக் கூட்டத்தைப் பார்த்தா இமாம்கள் இதை ஏற்றார்கள்? கூட்டத்திற்கு மேலே இருக்கும் அந்தத் தனி மனிதர்கள் ஒவ்வொருவருடைய நேர்மையையும் நினைவாற்றலையும் சோதித்துப் பார்த்து ஏற்றார்கள். மேலே நிற்பவர் நம்பத்தகாதவராக இருந்திருந்தால், கீழே ஆயிரம் பேர் அறிவித்திருந்தாலும் அது பலவீனமான ஹதீஸாகவே ஆகியிருக்கும்.

மேற்கோளும் அப்படித்தான். ஒரு கட்டுரையை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினால் அது ஆயிரம் சாட்சிகள் ஆகாது. பலரும் படித்துவிட்டு எடுத்தெழுதுகிறார்கள். சிலர் மறுப்பதற்காகவே எடுக்கிறார்கள். சிலர் படிக்காமலே எடுக்கிறார்கள். சாட்சி என்பது வேறோர் ஆய்வுக்கூடத்தில், வேறொருவர், தம் கையால் அதே சோதனையைச் செய்து அதே முடிவைக் காண்பது. ஹதீஸ் கலையில் வேறு வழியாக வரும் ஆதரவு அறிவிப்பைத் தேடுவோமே, அதற்கு நிகரானது அது.

குர்குமினுக்கு அந்தச் சாட்சி கிடைத்ததா? மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அவர்களோடு சேர்ந்தவர்களும் 2017இல் ஒரு நீண்ட மதிப்புரை எழுதினார்கள். அதற்குள் மனிதர்களிடம் நடந்த குர்குமின் சோதனைகள் 120ஐத் தாண்டியிருந்தன. நோயாளிக்கும் மருத்துவருக்கும் எது மருந்து, எது வெற்று மாத்திரை என்று தெரியாதபடி முறையாக நடத்திய சோதனை ஒன்றிலும் அது வெற்றி பெறவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். காரணங்களையும் சொன்னார்கள். குர்குமின் உடலில் நிலைத்து நிற்பதில்லை. குடலிலிருந்து இரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. போதாக்குறைக்கு, அது தானே ஒளிரும் பொருளாதலால், சோதனைக் குழாயில் வேலை செய்வதுபோல் பொய்த்தோற்றம் காட்டிவிடும். நம் அடுப்படி மஞ்சளிலோ அது நூற்றுக்குச் சுமார் மூன்று பங்குதான். மாத்திரையாக மிகுதியாக உண்டால் சில புற்றுநோய் மருந்துகளின் வேலையில் அது குறுக்கிடக்கூடும் என்றும் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைப் பின்னரும் மேற்கோள் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது நான் வியக்கவில்லை. இட்டுக்கட்டப்பட்ட ஹதீஸ்களை இமாம் இப்னுல் ஜவ்ஸி எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே தொகுத்து எச்சரித்தார். அவற்றுள் சில இன்றும் நம் மேடைகளில் ஒலிக்கின்றன. குர்ஆன் ஓதுவதில் மக்களுக்கு ஆர்வமூட்டவே அத்தியாயங்களின் சிறப்புகளைப் பற்றி ஹதீஸ்களைப் புனைந்ததாக நூஹ் இப்னு அபீ மர்யம் என்பவரைப் பற்றி ஹதீஸ் கலை நூல்கள் கூறுகின்றன. நன்மையை நாடினேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை. நன்மையை நாடி அனுப்பினேன் என்று நானும் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் நம் பெருமையும் கலந்திருக்கிறது. மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு அமெரிக்காவில் 1995இல் தரப்பட்ட காப்புரிமையை நம் நாட்டு அறிவியல் ஆய்வு மன்றம் எதிர்த்துப் போராடி 1997இல் நீக்கச் செய்தது. அது நியாயமான வெற்றி. ஆனால் 'நம்முடையது' என்ற உணர்வு வந்ததும் 'நிரூபிக்கப்பட்டதா' என்ற கேள்வி நாவில் எழுவதில்லை. கருஞ்சீரகத்தைப் பற்றிய ஆதாரபூர்வமான ஹதீஸை விளம்பரமாக்கி எண்ணெய்ப் புட்டி விற்பவர்களிடமும் நாம் இப்படித்தான் வாய்மூடி நிற்கிறோம். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்தது மருந்தைத் தேடுவதற்காக. விசாரியாமல் விழுங்குவதற்காக அன்று. செய்தி வந்தால் தீர விசாரிக்கவேண்டும் என்ற ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை, பள்ளிவாசல் தகராறுகளின்போது மட்டும் நினைவுகூர்கிறோம்.

பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும் பெற்றோரும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். சென்னையிலுள்ள ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டியே தரவரிசையில் ஏறியதாக 2023இல் 'சயன்ஸ்' இதழ் எழுதியது. விளம்பரப் பலகையில் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்த்ததும் மயங்கிவிடாமல், அங்கே படித்து முடித்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்.

இதே நகரத்தில் வேறு வகையான மனிதர்களும் வாழ்ந்தார்கள். முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையில், மறு ஆண்டு சேர்ந்த மருத்துவர் சாந்தா 2021இல் மறையும்வரை அங்கேயே உழைத்தார். சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று ஆண்டு ஆண்டாகக் கணக்கெடுக்கும் பதிவேட்டை 1980களின் தொடக்கத்திலிருந்து அந்த நிறுவனம் பேணிவருகிறது. வாட்ஸ்அப்பில் அதைப் பற்றி யாரும் எனக்குச் செய்தி அனுப்பியதில்லை. நானும் எவருக்கும் அனுப்பியதில்லை.

அந்தச் சகோதரியின் கணவர் சிகிச்சையை நிறுத்தவில்லை. முப்பது நாள்களையும் முடித்தார், அல்ஹம்துலில்லாஹ். எடை குறைந்திருக்கிறது, கஞ்சிதான் இறங்குகிறது. சென்ற ஜுமுஆவுக்கு மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அவருடைய ஷிஃபாவுக்காக துஆச் செய்யுங்கள்.

நான் எங்கள் குழுவில் திருத்தம் எழுதினேன்: முன்னர் அனுப்பியது தவறு, இன்னின்ன காரணம், யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள் என்று. முதல் செய்திக்கு நாற்பதுக்கு மேல் 'மாஷா அல்லாஹ்' வந்திருந்தது. திருத்தத்துக்கு மூன்று பேர் பதில் எழுதினார்கள். அவர்களில் ஒருவர், அந்த மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டிருந்தார். அவருடைய வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.