ரேஷன் அரிசி இலவசம்... அப்புறமும் வாரக் கடைசியில் கை ஏன் கடிக்குது? 1,500 ரூபாய் சாப்பாட்டுக் கணக்கு

'ஆயிரம் ரூபாயில் ஒரு வாரச் சமையல்', 'குறைந்த செலவில் 7 நாள் மெனு' என்று யூடியூப் வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. பார்த்தால் எளிதாகத்தான் இருக்கும். ஆனால் அதே பணத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் வியாழக்கிழமையே கை கடிக்க ஆரம்பித்துவிடும். இத்தனைக்கும் தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருப்பவர்களுக்கு 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசி இலவசம். அப்படின்னா பணம் எங்கே போகுது? பணம் குறையும்போது வீட்டில் எதை வெட்டுறாங்க, எதை வெட்டக் கூடாது?

ரேஷன் கடை எவ்வளவு தாங்கும்?

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். முன்னுரிமை அட்டை என்றால் ஆளுக்கு 5 கிலோ வீதம் மாதம் 20 கிலோ அரிசி. சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். சர்க்கரையும் உண்டு.

இப்போது ஒரு மனிதருக்கு எவ்வளவு தேவை என்று பார்க்கலாம். ஐசிஎம்ஆர் அமைப்பின் கீழ் ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், நாளொன்றுக்கு 2,000 கலோரிக்கான தட்டு எப்படி இருக்கணும் என்று சொல்லியிருக்கிறது. அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம். காய்கறி, கீரை 400 கிராம். பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. எண்ணெய் 27 கிராம்.

நான்கு பேருக்கு 30 நாளுக்குப் பெருக்கினால் தானியம் 30 கிலோ வருகிறது. ரேஷன் 20 கிலோ தருகிறது, அதாவது மூன்றில் இரண்டு பங்கு. மோசமில்லை.

பருப்பு வகைக்கு வந்தால் கதையே மாறுகிறது. 85 கிராம் கணக்கில் மாதம் 10 கிலோவுக்கு மேல் வேண்டும். ரேஷனில் வருவது ஒரு கிலோ. நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 8 கிராம். ஒரு டீஸ்பூனைக் கொஞ்சம் குவித்து எடுத்தால் அவ்வளவுதான். பாமாயிலும் தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழேதான்.

அதாவது வயிறு நிறைய வழி இருக்கிறது, தட்டு நிறையத்தான் வழியில்லை. குறைந்த பட்ஜெட் சமையல் பற்றிய பேச்சு முழுக்க இந்த இடைவெளியைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலான டிப்ஸ் அரிசியை வைத்தே சுற்றுகின்றன: லெமன் சாதம், புளி சாதம், தக்காளி சாதம்...

1,500 ரூபாயில் முடியுமா?

முடியும், ஆனால் நூலிழையில். கீழே உள்ளது ஒரு மாதிரிக் கணக்கு. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். உங்கள் தெருக் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

வாரத்துக்கு 7 கிலோ அரிசி வேண்டும். ரேஷன் போக வெளியே இரண்டரை கிலோ, கிலோ 50 ரூபாய் என்றால் 125. முட்டை 14, ஒன்று 7 ரூபாய் என்றால் 98. மீதிப் புரதத்துக்குப் பருப்பும் பயறுமாக 1.7 கிலோ. அதில் கால் கிலோ ரேஷன் பருப்பு, மற்றதை சராசரி 120 ரூபாய்க்கு வாங்கினால் மொத்தம் 182. எண்ணெய் முக்கால் லிட்டர், பாமாயில் கால் லிட்டர் போக மற்றது கடை எண்ணெய், 86. காய்கறி 11 கிலோ சொச்சம், வெங்காயம் தக்காளி உட்பட சராசரி 40 ரூபாய் வைத்தால் 448. பால் தினமும் அரை லிட்டர், 154. வாழைப்பழம் மாதிரி விலை குறைந்த பழம் 80. புளி, மிளகாய், மசாலா, டீத்தூள், சர்க்கரை வகைக்கு 150.

கூட்டினால் 1,323.

கேஸ் சிலிண்டரை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிய பிறகு சென்னையில் வீட்டு சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. அது 40 நாள் வருகிறது என்று வைத்தால் வாரத்துக்கு 152 ரூபாய். ஆக 1,475.

கையில் மிச்சம் 25 ரூபாய். இத்தனைக்கும் இதில் பால் பரிந்துரைத்த அளவில் பாதிகூட இல்லை. நிலக்கடலை இல்லை, மீன் இல்லை, கறி இல்லை, வெளியே குடிக்கும் ஒரு டீகூட இல்லை.

25 ரூபாய் எப்படிக் காணாமல் போகும்?

ரொம்ப சுலபமாக. தக்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிப் போனபோது, தமிழ்நாடு அரசு சென்னையில் பண்ணைப் பசுமைக் கடைகளிலும் ரேஷன் கடைகளிலும் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. 40 ரூபாய் தக்காளி 100 ஆனால், வாரம் 2 கிலோ வாங்கும் வீட்டுக்குக் கூடுதலாக 120 ரூபாய்.

ரேஷனில் பருப்பும் எண்ணெயும் வரவில்லை என்றாலும் அதே கதைதான். 2024 மே, ஜூன் மாதங்களில் தேர்தல் நேரத்தில் பல கடைகளுக்குத் துவரம்பருப்பும் பாமாயிலும் தாமதமாகத்தான் வந்தன. விடுபட்டதை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று அரசு அறிவித்தது. நல்ல விஷயம்தான், ஆனால் இந்த வாரக் குழம்புக்கு அடுத்த மாதப் பருப்பு உதவாது. மேலே சொன்ன கணக்கில் அந்த இரண்டும் இல்லாவிட்டால் வாரத்துக்கு 56 ரூபாய் துண்டு விழும்.

சமையல் எண்ணெய் நம் கையிலேயே இல்லை. இந்தியா தன் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதிதான் செய்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கான இறக்குமதி வரி 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக உயர்ந்தது. 2025 மே கடைசியில் அது 16.5 ஆகக் குறைந்தது. டெல்லியில் ஒரு அறிவிப்பு வந்தால் வடசட்டி வரைக்கும் அதன் சூடு தெரியும்.

நோட்டுக் கடை என்னும் சிக்கல்

டிப்ஸ் வீடியோக்களில் தவறாமல் வரும் ஒரு வரி, 'மொத்தமாக வாங்குங்கள், மிச்சமாகும்'. உண்மைதான். ஆனால் தினக்கூலிக்குப் போகும் வீட்டில் ஒரே நாளில் 1,500 ரூபாய் கையில் இருக்காது. அன்றைக்கு வந்த பணத்தில் கால் கிலோ பருப்பு, 10 ரூபாய் மசாலா பாக்கெட், சின்ன எண்ணெய் பாக்கெட் என்றுதான் வாங்க முடியும். கையில் பணம் இல்லாத நாளில் நோட்டில் எழுதி வாங்குவார்கள். அப்படி ஒரு கடையில் பாக்கி வைத்திருக்கும்போது, ரெண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் கிலோவுக்கு 15 ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது. சிக்கனம் தெரியாததால் அல்ல, கடன் கட்டிப் போட்டிருப்பதால்தான் கூடுதல் விலை கொடுக்கிறார்கள். இதற்குச் சமையல் குறிப்பு எதுவும் மருந்தில்லை.

கொஞ்சமாவது உதவுவது ஒன்று உண்டு. பாக்கெட் பொருட்களில் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்ற விதி 2022 முதல் இருக்கிறது. எம்ஆர்பி பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கிப் பாருங்கள். சின்ன பாக்கெட்டுக்கும் பெரிய பாக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் உறைக்கும். சில பொருட்களில் வித்தியாசமே இருக்காது, அவற்றைத் தைரியமாகச் சின்னதாகவே வாங்கலாம்.

முதலில் வெட்டுப்படுவது எது?

அரிசி இலவசம் என்பதால் பணம் குறையும்போது அரிசி குறையாது. பருப்பு குறையும். சாம்பார் தண்ணியாகும், அப்புறம் சாம்பாரே புளிக் குழம்பாகும். முட்டை நாலு பேருக்கு என்பது பிள்ளைகளுக்கு மட்டும் என்று மாறும். காய் ஒரு கரண்டியாகும். இதெல்லாம் நடக்கிற வீட்டில் கடைசியாகத் தட்டுப் போட்டு உட்காருவது பெரும்பாலும் அம்மாதான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. அதில் தட்டும் ஒன்று.

இன்னொரு பக்கம் பாக்கெட் தீனி ஏறுகிறது. நாடு தழுவிய வீட்டுச் செலவு ஆய்வில், 1999-2000-ல் நகர்ப்புற வீடுகள் மொத்தச் செலவில் 12.39 சதவீதத்தைத் தானியத்துக்குக் கொடுத்தன. 2022-23-ல் அது 3.64 ஆக இறங்கிவிட்டது. அதே ஆண்டில் பானங்கள், பதப்படுத்திய உணவுகளுக்குப் போனது 10.64 சதவீதம். அரிசியில் மிச்சமானது பருப்புக்கு மட்டுமே போகவில்லை என்பது தெளிவு.

வெட்டுவதா இருந்தா எதை?

தக்காளியை வெட்டலாம், பருப்பை வெட்ட வேண்டாம். கணக்கு இதுதான். 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. ரேஷன் விலையில் அது 3 ரூபாய். அதே 120 ரூபாய்க் கடைப் பருப்பில் 12 ரூபாய். ஒரு முட்டையில் 6 கிராம், 7 ரூபாய். 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் 4 கிராமைத் தாண்டுவதே கஷ்டம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 50 கிராம், அரிசியில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த மாநிலத்தில் 3 ரூபாய்க்கு இவ்வளவு புரதம் ரேஷன் பருப்பைத் தவிர வேறு எதில் கிடைக்கும்? அதை வாங்காமல் விடுவதோ, வாங்கி அப்படியே விற்றுவிடுவதோ பெரிய நஷ்டம்.

நாலு பேர் சாம்பாருக்கு 100 கிராம் பருப்பு போட்டால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம்தான் வரும். அதனால் சாம்பாரை மட்டும் நம்பினால் போதாது. ரேஷன் புழுங்கலரிசியோடு துவரை, கடலைப்பருப்பு, கொஞ்சம் உளுந்து ஊறவைத்து அரைத்தால் அடை. இரவுச் சாப்பாடு அதிலேயே முடியும், தொட்டுக்க வெல்லமோ துவையலோ போதும். சாயங்காலம் பிஸ்கட்டுக்குப் பதில் தட்டைப்பயறு சுண்டல். கொள்ளை வேகவைத்த தண்ணீரில் ரசம், வெந்த கொள்ளில் துவையல், ஒரே பொருளில் இரண்டு. தக்காளி விலை ஏறிய வாரத்தில் புளியும் மோரும் கைகொடுக்கும்: வெந்தயக் குழம்பு, மோர்க் குழம்பு, பருப்புருண்டைக் குழம்பு. இவையெல்லாம் தக்காளியைக் கேட்கவே கேட்காத பழைய ஐட்டங்கள்.

பயறை முதல் நாள் இரவே ஊறப்போட்டு குக்கரில் வைத்தால் கேஸும் மிச்சம். சிலிண்டர் 40 நாளுக்குப் பதில் 30 நாளில் தீர்ந்தால் வாரத்துக்கு 51 ரூபாய் கூடுதல் செலவு என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமில்லை.

காய்க்கு 1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைகள் இன்னும் நல்ல வழி. அன்றைய விலை பலகையிலேயே எழுதியிருக்கும். வாரச்சந்தை உள்ள ஊர் என்றால் இருட்டும் நேரத்தில் கூறு போட்டு விற்பதைப் பார்க்கலாம். பக்கத்தில் முருங்கை மரம் இருந்தால் கீரைக்கு காசே வேண்டாம். அரசு தொடக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவும் மதியம் முட்டையோடு சாப்பாடும் கிடைப்பதால், பள்ளி நாட்களில் வீட்டு முட்டையைப் பெரியவர்களுக்கு ஒதுக்கலாம். குறிப்பாக அம்மாவுக்கு.

ரேஷனில் பருப்பு, பாமாயில் இல்லை என்று சொன்னால் என்ன செய்வது?

பொருள் எப்போது வரும் என்று கடையில் கேட்டு வையுங்கள். வாங்காத பொருளுக்கு வாங்கியதாக எஸ்எம்எஸ் வந்தால் சும்மா விட வேண்டாம். புகார் செய்ய 1967 அல்லது 1800 425 5901 என்ற கட்டணமில்லா எண்களில் அழைக்கலாம். பேசும்போது குடும்ப அட்டை எண்ணைக் கையில் வைத்திருங்கள்.