வேலைக்கு வந்தவரும் வைகைக்கு வந்த நீரும்

சித்ரா பௌர்ணமியன்று விடியற்காலையில், தங்கக் குதிரை வாகனத்தில் கள்ளழகர் மதுரை வைகையாற்றில் எழுந்தருளுகிறார். அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டிக்கு அருகில் உள்ள வைகை அணையில் மதகுகள் திறக்கப்பட்டுவிடும். கோடையில் மணல் மட்டுமே தெரியும் ஆற்றில் பெருமாள் இறங்க நீர் வேண்டுமே! அந்த நீரைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் இலட்சக்கணக்கான அன்பர்களில், அது எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் சிலராகத்தான் இருப்பார்கள்.

வருசநாட்டு மலைகளில் பிறக்கும் வைகை, மழைமறைவுப் பகுதியின் ஆறு. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தன் மறுபுறத்திலேயே இறக்கிவைத்துவிடுகிறது. 1959 ஜனவரியில் காமராஜர் திறந்துவைத்த வைகை அணை 71 அடி நீரைத் தேக்கும் அளவு கொண்டது. ஆனால் அதில் தேங்கும் நீர் அனைத்தும் வைகைக்குப் பிறந்தது அன்று. கம்பம் பள்ளத்தாக்கு வழியாக முல்லையாறு என்ற பெயரில் ஓடிவந்து வைகையில் சேரும் நீரில் பெரும்பகுதி, இயல்பாக விட்டிருந்தால் அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டியது. மலையின் மேற்குச் சரிவில் ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பியதால் வந்த நீர் அது. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவில் முல்லையாற்றில் நீராடி அக்கினிச் சட்டி எடுக்கும் பக்தர்களுக்கும் அந்த நீர்தான் தீர்த்தமாகிறது.

அதைத் திருப்பியவர் இந்த மண்ணின் பிள்ளை அல்லர். பணி உத்தரவின்பேரில் வேற்று நாட்டிலிருந்து வந்தவர். கர்னல் ஜான் பென்னிகுவிக் என்ற அந்த ஆங்கிலேயப் பொறியாளரின் படம், கம்பம் பள்ளத்தாக்கின் பல வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டிருக்கிறது.

வைகைக் கரைக்கு வேலைக்கு வந்த வெளியாரின் கதை மதுரைக்குப் புதிதன்று. வைகை பெருக்கெடுத்தபோது, வந்தி என்னும் மூதாட்டிக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்று, சொக்கநாதரே மண் சுமந்ததைத் திருவிளையாடல் சொல்கிறது. ஊர் பேர் தெரியாத ஒரு கூலியாளாகத்தான் அவர் கரைக்கு வந்தார். ஒழுங்காக வேலை செய்தாரா என்றால் அதுவும் இல்லை. பிட்டைத் தின்றார், ஆடினார், பாடினார், உறங்கினார், பிரம்படியும் பட்டார். ஆவணி மூலத்தில் இன்றும் புட்டுத்தோப்பில் அந்தத் திருவிழா நடக்கிறது. பென்னிகுவிக்கின் கதையில் விளையாட்டு இல்லை. அங்கே முழுக்க முழுக்க உழைப்புதான்.

அவர் பிறந்தது 1841 ஜனவரி 15-ஆம் நாள், புனே நகரில். இராணுவப் பணியின் பொருட்டுத் தந்தை இந்தியாவில் இருந்ததால் மகன் இங்கே பிறந்தார். 1849-இல் பஞ்சாபின் சிலியன்வாலா போர்க்களத்தில் தந்தை வீழ்ந்தார். அதே நாளில், அதே களத்தில், 17 வயதே ஆன அண்ணனும் மாண்டார். இளையவருக்கு அப்போது எட்டு வயதுகூட நிரம்பவில்லை. இந்தியா என்ற பெயரைக் கேட்டாலே துயரம் கொள்ளும் நிலையில் இருந்த ஒரு குடும்பத்திலிருந்து, மீண்டும் ஒரு பிள்ளை அதே நாட்டுக்குக் கப்பல் ஏறினார். இங்கிலாந்தில் அடிஸ்கோம் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1860-இல், 19 வயதில், சென்னை மாகாணப் பொறியாளர் படையில் பணிபுரிய வந்து சேர்ந்தார். பிள்ளையையோ பெண்ணையோ விமானம் ஏற்றி அனுப்பிவிட்டு வாசலில் நின்ற பெற்றோருக்கு அந்தப் பிரிவின் கனம் விளங்கும். அன்று தொலைபேசியும் இல்லை. கடிதம் போய்ச் சேரவே வாரக்கணக்கில் ஆகும்.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் பென்னிகுவிக்கின் தலையில் முதன்முதலாக உதித்ததன்று. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்பப் பிள்ளை இதனை நினைத்து ஆட்களை அனுப்பி ஆராயச் செய்தார்; செய்து முடிக்கப் பொருள் இல்லை. 1808-இல் ஆராய வந்த கேப்டன் கால்டுவெல் இது நடவாத காரியம் என்று எழுதிவிட்டுப் போனார். 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மண் அணை ஒன்றுக்குத் திட்டம் வகுத்தார். அவருக்குப் பின் ஸ்மித் என்பவர் அதனைத் திருத்தினார். அதற்குள் 1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. மதுரைச் சீமையிலும் மக்கள் மடிந்தார்கள். அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டது. 1882-இல் திட்டத்தைப் புதிதாக வகுக்கும் பொறுப்பு பென்னிகுவிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது.

இராமாயணத்தில் கங்கை வந்த கதையும் ஏறக்குறைய இப்படித்தான். சகரனுக்குப் பின் அம்சுமான் முயன்றான், திலீபன் முயன்றான், பகீரதன் காலத்தில்தான் கங்கை இறங்கினாள். இருந்தும் பெயர் பகீரதனுடையதாகவே நின்றுவிட்டது. முன்னோரின் முயற்சியை அந்தப் பெயர் மறைத்துவிடவில்லை என்றாலும், முத்திருளப்பப் பிள்ளையைக் கம்பம் பள்ளத்தாக்குக்கு வெளியே எத்தனை பேர் நினைக்கிறார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

அணை கட்ட வேண்டிய இடம் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. ஆகவே 1886 அக்டோபர் 29-ஆம் நாள் ஒரு குத்தகைப் பத்திரம் எழுதப்பட்டது: 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு ஐந்து ரூபாய், ஆக 40,000 ரூபாய், குத்தகைக் காலம் 999 ஆண்டுகள். மூன்று தலைமுறைக்குக் குத்தகை எழுதுவதே பெரிது. இது முப்பது தலைமுறைக்கு மேல்! இங்கே அன்பர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று உண்டு. மார்த்தாண்டவர்ம மகாராஜா 1750-இல் தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாப சுவாமியின் திருவடிகளில் சமர்ப்பித்துவிட்டார். அதன்பின் வந்த மன்னர்கள் பத்மநாபதாசர் என்றே தம்மை அழைத்துக்கொண்டு, பெருமாளின் ஊழியராக ஆண்டார்கள். அப்படிப் பார்த்தால் அந்தக் குத்தகை நிலத்தின் உடையவர் அனந்தசயனப் பெருமாள். அவருடைய மண்ணில் தேங்கும் நீர்தான் மலை தாண்டி, வைகை அணைக்கு வந்து, அழகர் இறங்கும் ஆற்றில் ஓடுகிறது.

1887-இல் வேலை தொடங்கியது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,800 அடி உயரத்தில், யானைகள் திரியும் அடர்ந்த காடு. ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். ஆற்றை மறித்துப் போட்ட தற்காலிகக் கரைகளைப் பெரியாறு மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டு போயிற்று. மலேரியாவும் காலராவும் முகாம்களைக் காலி செய்தன. சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் கலவையால் கட்டப்பட்ட அந்த அணையின் நீளம் சுமார் 1,200 அடி. அடித்தளத்திலிருந்து உயரம் 176 அடி. நீரைக் கிழக்கே கொண்டுவர மலைக்குள் ஒரு மைலுக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்குச் சுரங்கம் வெட்டப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார்.

அந்த எட்டு ஆண்டுகளில் மலை ஏறியவர்கள் ஆங்கிலேயப் பொறியாளர்கள் மட்டும் அல்லர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரைச் சீமையின் பிற ஊர்களிலிருந்தும் ஆணும் பெண்ணுமாகக் கல் சுமக்கவும் மண் வெட்டவும் சுண்ணாம்பு அரைக்கவும் போனார்கள். குமுளி மலையைத் தாண்டினால் திருவிதாங்கூர். அன்றைய கணக்கில் அதுவும் வேறு நாடு. கப்பலில் வந்த பென்னிகுவிக் எப்படி வேலை நிமித்தம் தன் நாட்டை விட்டு வந்தவரோ, அப்படியே கூடலூரிலிருந்து நடந்து ஏறிய கூலியாளும் தன் எல்லையை விட்டுப் போனவர். நூற்றுக்கணக்கானோர் நோயில் இறந்தார்கள். அணைக்கு அருகில் ஆங்கிலேயர்களின் கல்லறைகள் சில இருக்கின்றன. கூலிகளுக்குக் கல் நாட்டியவர் யார்? அவர்களுடைய பேரர்களின் பேரர்கள் இன்றும் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியுமுன் ஜீப்பில் ஏறி, அதே மலையைத் தாண்டி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்வருகிறார்கள்.

பென்னிகுவிக் தம் சொத்தையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று பள்ளத்தாக்கில் சொல்லிச் சொல்லி, அது ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அணை அரசின் திட்டம். அரசின் செலவில் கட்டப்பட்டது. கணக்கறிந்தவர்கள் இதைச் சொன்னால் சிலருக்கு மனம் வருந்துகிறது. வருந்த வேண்டியதில்லை. கையிலுள்ள பணத்தைக் கொடுப்பது பெரிய தியாகம்தான். ஆனால் சம்பளத்துக்கு வந்த ஒருவர், அடித்துச் செல்லப்பட்ட கரையை மறுபடியும் போட்டு, காய்ச்சலில் பாதிப் பேர் போன முகாமுக்கு மறுபருவத்தில் மறுபடியும் ஆள் திரட்டி, எட்டு ஆண்டுகள் விடாமல் நின்றதை அதற்குக் குறைவாக எண்ண முடியாது. மாற்றல் கேட்டு வேறிடம் போயிருக்கலாம். அவர் போகவில்லை. ஊரார் கதை கட்டியது அந்த நிலைபேற்றைச் சொல்ல வேறு வார்த்தை கிடைக்காமல்தான் என்று தோன்றுகிறது. அடியார் கதைகள் பல அப்படித்தானே பிறந்திருக்கின்றன!

இந்தியாவில் 36 ஆண்டுகள் பணிபுரிந்து அவர் நாடு திரும்பினார். அங்கே இந்தியப் பணிக்கு வரும் பொறியாளர்களைப் பயிற்றும் கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். 1899-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுக்க வழி சொல்ல அழைக்கப்பட்டு மீண்டும் கடல் கடந்தார். 1911 மார்ச்சில் கேம்பர்லி என்ற ஊரில் காலமானார். அவருடைய தந்தையும் அண்ணனும் சிலியன்வாலா மண்ணில் கிடக்க, அவர் இங்கிலாந்தில் உறங்குகிறார்.

அவர் வேலை முடித்துப் போன ஊர் அவரை விடவில்லை. பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. கடைகளுக்கும் அவர் பெயர் உண்டு. தேனிப் பேருந்து நிலையம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. கூடலூருக்கு மேலே, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பில் 2013 ஜனவரியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. 2022-இல் கேம்பர்லியிலேயே தமிழக அரசு அவருக்குச் சிலை நிறுவியது. அவர் பிறந்த நாள் பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் மக்கள் கூடி அவர் படத்தின் முன் பொங்கல் வைக்கிறார்கள். வேற்று மதத்தவருக்குப் பொங்கல் படைக்கலாமா என்று யாரும் அங்கே சாஸ்திரம் கேட்பதில்லை. நீர் கொடுத்தவருக்குப் புதுநெல்லில் பங்கு கொடுப்பது உழவர் வழக்கு. இந்திரனுக்கும் சூரியனுக்கும் கொடுத்தவர்கள் இவருக்கும் கொடுக்கிறார்கள்.

அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில், ஜூன் முதல் தேதியன்று, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தின் முதல் போகத்துக்குத் தேக்கடியில் மதகு திறக்கப்படும். அதிகாரிகளும் உழவர்களும் பூசை செய்து, பாய்ந்து வரும் நீரில் மலர் தூவுவார்கள். மலர்கள் சிறிது தூரம் சுழன்று ஓடி, குடைந்த மலைக்குள் நுழைந்து மறையும். மறுபுறம் லோயர் கேம்ப்பில் நீர் வந்து விழும்போது, நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைக்கும் வேலை வீடுகளில் தொடங்கியிருக்கும்.